கோணல் கட்டடத்துக்குப் பொட்டு

"இதுக்குப் பொட்டு வெச்சது யாரு?"

மாதேஸ்வரி போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற செக்யூரிட்டி தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

ரிசப்ஷன் சுவரில் மாட்டியிருந்த ஓவியத்தின் நடுவே மூன்று விபூதிப் பட்டை. அதன்மேல் சந்தனம். அதற்கும் மேல் குங்குமம்.

"நான்தான் கண்ணு," என்றாள் துப்புரவு வேலை செய்யும் கெம்பம்மா. "ஆயுத பூசைக்கு எல்லாத்துக்கும் வெக்கச் சொன்னாங்களே. பிரஸ்ஸுக்கு வெச்சேன், கம்ப்யூட்டருக்கு வெச்சேன், டீ மிஷினுக்கு வெச்சேன். இத மட்டும் உட்டா நல்லாவா இருக்கும்?"

"இது என்ன மிஷினாக்கா?"

"மிஷின் இல்லன்னா வேற என்னன்னு யாருக்காச்சும் தெரியுதா?"

நியாயமான கேள்விதான். படத்தில் ஒரு பழைய கட்டடம். சுவர்கள் தள்ளாடின. ஜன்னல்கள் அழுது வீங்கிய கண்கள் போலிருந்தன. மேலே ரத்தச் சிவப்பில் வானம். கட்டடத்துக்கு வாசலே இல்லை.

"எக்ஸ்பிரஷனிசம்மா. கண்ணு பாக்கறத வரைய மாட்டாங்க, மனசு படற பாட்ட வரைவாங்களாம்," என்று சொல்லித்தான் முதலாளி வெங்கடசாமி அதைப் போன வாரம் கொண்டுவந்தார். "நீதான் லிட்ரேச்சர் படிச்ச பொண்ணாச்சே. எமோஷனலா ஒரு அர்த்தம் எழுதிக் கீழ ஒட்டு. படத்துல ஒரு கீறல் விழுந்தாலும் தலை போயிரும், பாத்துக்க."

யார் தலை என்று அவர் சொல்லவில்லை. இந்தக் கம்ப்ரசர் கம்பெனியில் போகிற தலை எப்போதும் ட்ரெய்னியின் தலைதான். மாதேஸ்வரி ட்ரெய்னி. அவள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள். வேலை நிரந்தரமாகுமா என்று இந்த வாரம் தெரிந்துவிடும்.

இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து அவள் அன்றைக்கே எழுதினாள்: 'இந்தக் கட்டடம் வயதானதால் கோணவில்லை. உள்ளே இருப்பவளை யாரும் ஒரு வார்த்தை கேட்காததால் கோணிப்போனது.'

முதலாளி படித்தார். வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "இத உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல சார். பாத்தாலே தெரியுது."

அவர் அதை இன்னொரு முறை படித்துவிட்டுப் போனார்.

இப்போது, இன்னும் சற்று நேரத்தில் அவர் புனே வாடிக்கையாளர்களோடு வரப்போகிறார்.

மாதேஸ்வரி ஈரத்துணியால் துடைத்தாள். விபூதி போனது. குங்குமம் போகாமல் வழிந்தது. அழுதுகொண்டிருந்த ஜன்னல்கள் இப்போது ரத்தக் கண்ணீர் விட்டன.

"தின்னர் போட்டா சுத்தமா போயிரும் மேடம்," என்று பெயின்ட் பிரிவு அஜித்குமார் ஓடிவந்தான்.

சுத்தமாகப் போனது. குங்குமத்தோடு வானமும் போனது.

"யோவ், வானம் எங்கய்யா?"

"டென்ஷன் ஆகாதீங்க. ஸ்பிரே அடிச்சிரலாம்."

"என்ன கலர் இருக்குது?"

"கம்ப்ரசருக்கு அடிக்கற சாம்பல்தான் இருக்குது."

அடித்தான். கோணல் கட்டடம் சாம்பலுக்குள் மூழ்கிப்போனது. மிஞ்சியது ஓர் ஓரத்து ஓடு மட்டும்.

"இப்பத்தான் மிஷின் மாதிரி இருக்குது," என்றாள் கெம்பம்மா திருப்தியாக.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். பின்னால் புனேக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் எச்.ஆர். மேனேஜர் குருமூர்த்தி. முதலாளி படத்தைப் பார்த்தார். தோள்கள் குலுங்கின. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வேகமாகத் தன் அறைக்குள் போனார்.

"மனுசன அழ வெச்சிட்டியேம்மா! யாரு செஞ்சது இத?" என்றார் குருமூர்த்தி.

"பூசையில பொட்டு வெச்சாங்க சார். தொடைக்கப் போய் இப்பிடி ஆயிருச்சு. தொடைச்சது நான். கெம்பம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்? சார் சொல்லுவாரு. நீ பையை எடுத்து வெச்சுக்க."

அவர் முதலாளியின் அறைக்குள் போனார். மாதேஸ்வரி பையை எடுத்துவைத்தாள். டிபன் பாக்ஸைத் திணித்த வேகத்தில் மூடி நசுங்கியது. போகட்டும். அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான் புரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் முதலாளியின் டிரைவர் கங்கப்பன் வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் பக்கம் குனிந்தார்.

"மேடம், உங்கள பர்மனென்ட் பண்ணியாச்சு."

"விளையாடாதீங்கண்ணா. அவரு அழுதுட்டுப் போனத நான் பாத்தேன்."

"அழுதாரா? சிரிப்ப அடக்க முடியாம ஓடுனாரு! படம் வரைஞ்சது சாரோட வீட்டம்மா, அந்தக் கட்டடம் அவங்க தளி ரோட்டு வீடு. அவங்களுக்குப் பயந்துதான் சார் இத இங்க மாட்டுனாரு. பூசையில நடந்ததுன்னா சாமி காரியம்னு அம்மா வாயத் திறக்க மாட்டாங்களாம், வீட்ல இதே மாதிரி இன்னும் நாலு மாட்டியிருக்குது, கெம்பம்மாவ எப்ப கூட்டிட்டு வரலாம்னு சார் கேக்கறாரு."