உலகப் பயணிக்குப் பொன்னாடை

உலகத்தைச் சுற்றிப் பார்த்து மனித குலத்துக்கு வெளிச்சம் காட்டிய மகான்கள் மொத்தம் மூன்றே பேர். முதல் இருவரைச் சரித்திரப் புத்தகத்தில் தேடிக்கொள்ளுங்கள். மூன்றாமவர் எங்கள் சித்தூர் ரத்தினசாமி.

1976இல் விவசாயிகளின் 'நல்லெண்ண'க் குழுவில் சேர்ந்து, ஒரே தலைவர், ஒரே கட்சி, ஒரே செய்தித்தாள் உள்ள ஒரு நாட்டைப் பார்த்துவிட்டு வந்தார். எங்கள் வாசகசாலையில் பொன்னாடை போர்த்திப் பாராட்டுக் கூட்டம். நெருக்கடி நிலை அமலில் இருந்ததால் போலீஸ் அனுமதி வாங்கியிருந்தோம். ஏட்டு ஒருவர் முன்வரிசையில் அமர்ந்து எங்களைக் 'கௌரவித்தார்'.

"அங்க பிச்சைக்காரன் இல்லீங்க, கோஷம் இல்லீங்க. உபசரிப்புல ஒரு குறையும் இல்லீங்க" என்றபடி ரத்தினசாமி போட்டோக்களைச் சுற்றுக்கு விட்டார்.

எல்லாப் போட்டோவிலும் தொப்பி போட்ட ஒருவர் நின்றார்.

"இவரு யாருங்க, சம்பந்திங்களா?" என்றார் கூட்டத்தில் இருந்த மாரப்பன்.

"வழிகாட்டிங்க. என்ன பாசங்கறீங்க! கக்கூஸ் வரைக்கும் கூடவே வந்தாரு."

கூட்டம் கைதட்டியது. பின்வரிசையில் நாச்சம்மாள் எழுந்தார். அவர் கணவர் சென்னியப்பன் டீக்கடையில் என்னவோ பேசிவிட்டார் என்று போலீஸ் ஜீப்பில் ஏற்றிப் போய் இரண்டு மாதம் ஆகிறது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது.

"ஏனுங்ணா, எங்க ஊட்டு வாசல்லயும் இப்படித்தான் ஒருத்தரு நிக்கறாரு. அந்த நாட்டுல போலீசு புடிச்சுட்டுப் போனவங்க ஊட்டுக்கு நீங்க போனீங்களா?"

ரத்தினசாமி கனிவாகச் சிரித்தார். "விருந்தாளியாப் போன எடத்துல உள்விவகாரத்துல தலையிடக் கூடாது அம்மிணி. அதுதான் பயண தர்மம்."

ஏட்டு தலையசைத்து ஆமோதித்தார்.

"செரிங்ணா. அங்க கெடக்கட்டும். இப்ப எங்கூட ஸ்டேஷனுக்கு வந்து, அவரு உசுரோட இருக்காரான்னு மட்டும் கேளுங்க. நீங்க கேட்டா பதில் சொல்லுவாங்க."

ரத்தினசாமி ஏட்டைப் பார்த்தார். ஏட்டு ரத்தினசாமியைப் பார்த்தார்.

"அதெல்லாம் உள்விவகாரம் அம்மிணி. நமக்கெதுக்கு..."

"இது உங்க ஊருங்ணா. இங்கயும் நீங்க விருந்தாளிங்களா?"

வாசகசாலைச் செயலாளர் என்ற முறையில் நான் உடனே எழுந்து, நிகழ்ச்சி நிரலில் அடுத்தது தேநீர், வடை என்று கம்பீரமாக அறிவித்தேன். நாச்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டேஷனை நோக்கித் தனியாக நடந்தார்.

ரத்தினசாமி ஒருவருக்கு மட்டும் பொன்னாடை போர்த்தியது எங்கள் வாசகசாலையின் பெரும் பிழை. அந்தக் கூட்டத்தில் ஊர்க்காரர் என்று இருந்தது ஒரே ஒருவர். அவர் எழுந்து போய்விட்டார். மீதியிருந்த நாங்கள் அத்தனை பேரும் சுற்றுலாப் பயணிகள். வடையைத் தின்றுவிட்டு, உபசரிப்பில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக் கலைந்தோம்.