ஏழாம் உருப்படிப் போர்

வாழ்க அசுக்குவோ! கலபார் மாநகரப் பல்கலைக்கழகத்துத் தற்காலிக விரிவுரையாளனே, மழைக்கால நத்தைகளின் நடைவேகத்தை ஒன்பதாண்டு அளந்து அவற்றினும் மெல்ல நடந்து ஆய்வேட்டை முடித்த பெருந்தகையே, “பட்டம் வந்தால் பணி நிரந்தரம்” என்று துறைத்தலைவர் என்றோ உதிர்த்த ஒரு சொல்லை நம்பித் தலைமயிரெல்லாம் உதிர்த்த தவசீலனே, நின் புகழ் பாடுவோம்!

வந்தது வாய்மொழித் தேர்வுத் திருநாள். நிகழ்ச்சிநிரலின் முதல் ஆறு உருப்படிகளும் அரைமணியில் முடிந்தன. ஆய்வேட்டை ஒருவரும் திறந்திலர். ஏழாம் உருப்படி என்று பெயர் பூண்டதோ விருந்து. வயிறு நிறைந்தாலன்றிக் கையொப்பம் இடாதது அத்துறையின் மாண்புமிகு மரபு. அசுக்குவோவின் மனைவி இக்வோ விடியுமுன் எழுந்து சமைத்த ஜொலாஃப் சோற்றுமலையும், மிளகுக்குழம்பில் மிதந்த ஆட்டிறைச்சியும், வெட்டுக்கிளி இறங்கிய சோளக்கொல்லையாய்ப் பேராசிரியப் பெரும்படையால் சூறையாடப்பட்டன.

எஞ்சியது ஒரே ஒரு துண்டம். அதன்மேல் ஒருபுறம் இபாடான் நகரிலிருந்து எழுந்தருளிய புறத்தேர்வாளர் அடெகுன்லேயின் முட்கரண்டி; மறுபுறம் துறைத்தலைவர் ஹென்ஷாவின் முட்கரண்டி. இருவரும் இன்னும் கையொப்பமிடவில்லை.

“விருந்தாளிக்குக் கொடுக்காம வேற யாருக்கய்யா கொடுப்பீங்க?” என முழங்கினார் அடெகுன்லே.

“இது என் துறை. இங்க எலும்புகூட என்னைக் கேட்டுத்தான் நகரும்!” எனக் கர்ஜித்தார் ஹென்ஷா.

ஒருவருக்கு ஈந்தால் மற்றவர் இரண்டாம் இயலைத் திருத்தச் சொல்வார். திருத்தம் என்றால் இன்னும் ஓராண்டு. தற்காலிகப் பணியோ இம்மாதத்தோடு முடிகிறது. சுழன்றன நாயகன் விழிகள். கண்டான், மூலையில் அப்போதுதான் உண்ண அமர்ந்த இக்வோவின் தட்டில் இன்னொரு துண்டம்! பாய்ந்தான், பற்றினான்.

“எடுத்துக்கங்க. ஒன்பது வருஷமா என் தட்டுலதானே கை வைக்கிறீங்க” என்றாள் அவள். வெட்கங்கெட்ட வீரன் அதைக் கொண்டுபோய் ஹென்ஷாவின் தட்டில் இட்டான்; பழைய துண்டம் அடெகுன்லேயின் தட்டேறியது.

துண்டுக்கு ஒன்றாய் விழுந்தன இரு கையொப்பங்கள். முரசொலி ஒன்றுதான் குறை, முனைவனானான் அசுக்குவோ. குழம்பு வழிந்த கையோடு, நிரந்தரப் பணி எப்போது என்று பணிந்து வினவினான்.

பல்லைக் குத்தியவாறே திருவாய் மலர்ந்தார் ஹென்ஷா: “வேலையா? அரசாங்கம்தான் நியமனத்தையெல்லாம் நிறுத்தி வெச்சிருக்கே, டாக்டர். ஆனா உங்க வீட்டம்மா கைப்பக்குவம் பிரமாதம். அடுத்த ஆளோட தேர்வுக்கு ஏழாம் உருப்படி உங்க பொறுப்பு.”

திங்கட்கிழமை டாக்டர் அசுக்குவோ ஆட்டுக்கறி வாங்கச் சந்தைக்குப் போனார்.