பாலு மாமாவுக்குப் போர்த்தாத சால்வை

மரியாதைக்குரிய பாலு மாமாவுக்கு, ரஞ்சனியின் வணக்கங்கள்.

நேற்று மாலை மேடையில் நீங்கள் என் பக்கம் சாய்ந்து, "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டபோது, "இல்லை மாமா, உங்களுக்கு ஒரு சால்வை பாக்கி" என்று நான் சொல்லவில்லை. "முடிஞ்சுது மாமா" என்றேன். நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள்.

உலகத் திரைப்பட விழாவின் திறந்தவெளிக் காட்சிக்குக் கொள்ளிடக் கரையில் இடமும், உங்கள் வீட்டிலிருந்து கரண்டும் தந்தவர் நீங்கள். உங்களை மறப்போமா? லித்துவேனியாவிலிருந்து வந்த இயக்குநர் அம்மாவுக்குப் போர்த்தினோம்; போர்த்தியவரைச் சும்மா விட முடியுமா, அவருக்கும் போர்த்தினோம்; அவருக்குப் போர்த்தியவரின் முகம் வாடியது, அவருக்கும். அந்த நேரம் பார்த்து ஒருவர் மேடையேறி, "எங்க வீட்டு கேட்டுல யாருங்க பைக்கை நிறுத்துனது?" என்றார். மேடையேறியவரை வெறுமனே இறக்கக் கூடாது என்று செயலாளர் அருள்நாதன் சார் அவருக்கும் போர்த்திவிட்டார். அவர் பைக்கை மறந்து ஏற்புரை நிகழ்த்தினார். அதுதான் மாமா உங்கள் சால்வை.

பிறகு படம். பனியில் காணாமல்போன மாட்டைத் தேடும் கிழவியின் கதை. படம் முக்கால்வாசி ஓடி, தூரத்தில் மணிச்சத்தம் கேட்டு அவள் திரும்பும்போது கரண்ட் போனது. தெருவிளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டு. உங்கள் கோபம் எங்களுக்குப் புரிந்தது. வந்து கேட்க யாருக்கும் துணிவில்லை. சுண்டல் விற்கும் சந்திரம்மாள்தான், "மாடு கெடைச்சுதா இல்லையான்னு சொல்லிட்டு அணைக்கக் கூடாதா உங்க மாமா?" என்றார். இயக்குநர் இதுவும் நம் ஊர் மரியாதை என்று நினைத்துக் கைதட்டினார்.

அவர் நாளை ஊர் திரும்புகிறார். இன்று மாலை மட்டும் கரண்ட் கொடுங்கள் மாமா, மீதிப் படம் ஓடட்டும். ரங்கநாதர் உங்கள் முதுகுவலியையும் மனவலியையும் சேர்த்தே தீர்த்துவைக்கட்டும்.

அன்புடன்,
ரஞ்சனி

பி.கு.: மேலே உள்ள கடிதத்தை நேற்றே பக்கத்து வீட்டுப் பையன் ஆசீரிடம் கொடுத்தனுப்பினேன். இது என்னிடம் உள்ள நகலில் மறுநாள் எழுதுவது. நேற்று மதியம் அத்தை போனில், "அவரு பசிக்குதுன்னு வந்தாருடி. அடைக்கு மாவு அரைக்கலாம்னு நான்தான் கிரைண்டரைப் போட்டேன், ஃபியூஸ் போயிடுச்சு. சால்வைன்னு ஒண்ணு இருந்ததே உன் லெட்டரைப் படிச்சப்புறம்தான் அவருக்குத் தெரியும். இப்பதான் வயரைப் பிடுங்கிட்டு உக்காந்திருக்காரு" என்றார்.

மாலையில் படம் ஓடவில்லை. மீதிக் கதையை இயக்குநர் வெறும் திரைக்கு முன்னால் நடித்துக் காட்டினார். மாடாக மைக் செட் வீரமலை நடித்தார். கிடைத்துவிட்டார்.