கன்னொறுவையை வருடாவருடம் வெல்பவர்

வெற்றிப் பாட்டுக்காரர் என்றொரு இனம் உண்டு. சுதந்திர தினமோ பரிசளிப்பு விழாவோ, மைக்கைக் கண்டால் போதும். ஏறக்குறைய நானூறு வருடங்களுக்கு முன் செத்துப்போன போர்த்துக்கீசரை எழுப்பி, வரிசையாக நிற்கவைத்து, தாளம் தப்பாமல் மறுபடி வெட்டிச் சாய்ப்பார்.

நம் நிஸாம் சேரைப் பாருங்கள். வீடு திகனையில், கண்டியில் சங்கீத ஆசிரியர். கன்னொறுவையில் கண்டிப் படை போர்த்துக்கீசரை முறியடித்ததை வருடாவருடம் பாட்டாக்குவார். போன வருடம் எதிரியின் இரத்தத்தில் ஆறு சிவந்தது. இந்த வருடம் மலையே சிவந்துவிட்டது. கன்னொறுவைக்கு ஒருநாளாவது போயிருக்கிறாரா? பேராதனைக்கு அந்தப் பக்கம்தான். வெயிலாம்.

வரிக்கு வரி ‘நாம் வென்றோம்’ என்று வரும். திகனையில் கலவரக்காரர் முஸ்லிம்களின் கடைகளை எரித்த வருடத்திலிருந்து அந்த ‘நாம்’ இன்னும் உரத்துவிட்டது. எரிந்ததில் ஒன்று, அவர் நானா என்றழைக்கும் அண்ணனின் கடை. அதற்கு மட்டும் பாட்டுக் கிடையாது.

இந்த வருடம் தனிக்குரல் மாணவி லோஜினிக்கு. மகள் பாடுவதைக் கேட்க அம்மா தேயிலைத் தோட்டத்தில் லீவு சொல்லிவிட்டாள். ஒத்திகையில் லோஜினி வாயைத் திறந்தாள், பாடுவதற்கல்ல.

“சேர், போர்த்துக்கீசர் படையில நம்ம நாட்டு ஆளுங்களும் இருந்தாங்களாமே?”

“இருந்தா?”

“செத்துப்போன அவங்களுக்கும் ஒரு வரி வைப்போமா, சேர்?”

“மகள், செத்தவங்கள உள்ளுக்கு எடுத்தா தாளம் விழுந்துடும்.”

“எதிரிங்க சாகுறப்ப விழலயே, சேர்?”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சேருக்கு முகம் கறுத்தது.

“பெரிய ஆக்கள் வந்து இருக்கிற எடத்தில ‘நாம்’ எண்டு உரத்துச் சொல்லணும், புள்ள. நாங்க யோசிக்கிறதா அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாங்க?”

அன்றே தனிக்குரல் ரிப்காவுக்குப் போயிற்று. லோஜினி, உயரமான பிள்ளைகளுக்குப் பின்னால், கடைசி வரிசைக்குப் போனாள்.

விழாவில் பாட்டுப் பிரமாதம். பிரதம விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார். சேர், கன்னொறுவையைத் தன் கையாலேயே பிடித்தவர்போல வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மண்டபத்தின் பின்வரிசைக் கதிரையில் ஒரு தாய் மட்டும் கழுத்தை நீட்டி நீட்டி, பாட்டு முடியும்வரை மகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சேரை நினைத்துச் சிரிக்கிறீர்களா, வாசகரே? இந்த இனத்தில் இடம்பிடிக்கப் பாட்டு எழுதத் தெரியவேண்டியதில்லை. உங்கள் கால் நன்றாகத்தான் தாளம் போட்டது. பக்கத்துக் கதிரைக்காரி எதற்காக எட்டி எட்டிப் பார்க்கிறாள் என்று நீங்கள் கேட்டீர்களா?