ரெண்டு மாத்திரையும் ஒரு மடக்குத் தண்ணீரும்

கழுத்துக் கழலையை ஆபரேஷன் செய்து எடுத்தபின், தாழக்குடி வள்ளிநாயகம் பிள்ளைக்கு நாகர்கோவில் டாக்டர் இரண்டு மாத்திரை கொடுத்தார். எடுத்துப்போட்ட சுரப்பிக்குப் பதிலாக ஒன்று. அது காலையில், வெறும் வயிற்றில். கைவிரல் மரத்து இழுக்காமலிருக்கச் சுண்ணாம்புச்சத்து ஒன்று. அது ராத்திரி, சாப்பாட்டோடு.

"ரெண்டையும் ஒண்ணாப் போட்டுராதீங்க. சுண்ணாம்பு மற்றதைப் பிடிச்சு வச்சுக்கிடும். உடம்பிலே சேர விடாது."

பிள்ளைக்கு இது சரிப்படவில்லை. ஒரே வேலையை இரண்டு தரம் செய்வது அவர் பரம்பரையிலேயே கிடையாது. வீடு வந்ததும் மனைவியிடம் பிரகடனம் செய்தார்.

"பார்வதி, விடியக்காலமே ரெண்டையும் ஒரே மடக்குல முழுங்கிருவேன். ராத்திரி நிம்மதியா உறங்கலாம்."

"டாக்டர் சொன்னதைக் கேட்டேளா இல்லியா?"

"அவரு படிச்சது பொஸ்தகம். இது என் வயிறு."

உறக்கம் நன்றாகவே வந்தது. பகலிலும் வந்தது. கும்பப்பூ நெல்லறுப்புக் களத்தில், கதிரடிக்கிற சத்தத்துக்கு நடுவே, வைக்கோலில் சாய்ந்து குறட்டை விட்டார். பங்குனி வெயிலில் கம்பளி கேட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வர நேரமாயிற்று. பார்வதியம்மாள் பயந்துபோனாள். கெஞ்சினாள், அழுதாள். அவர் மசியவில்லை. ஒருநாள் அழுகை நின்றது, பேச்சும் நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

அதிசயம், அதற்குப் பிறகு உடம்பும் தேறியது. விறுவிறுவென்று வயலுக்கு நடந்தார். ஆட்களைச் சத்தம் போட்டார்.

அடுத்த தரம் டாக்டர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"ரெண்டையும் சேத்துத்தான் முழுங்குகேன். எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு? உங்க சட்டத்தை மாத்தி எழுதுங்கோ."

டாக்டர் குழம்பிப்போய், கூட வந்திருந்த பார்வதியம்மாளைப் பார்த்தார்.

"அந்தச் சுண்ணாம்பு பாட்டில்ல இருக்கது அரிசிமாவு," என்றாள் அவள். "நானே தட்டி, வெயில்ல காயவச்சது. நெசமான மாத்திரையைப் பொடிச்சு ராத்திரி மோருல கலந்து குடுக்கேன். வேற வழி தெரியல்ல டாக்டரே."

பிள்ளைக்கு அந்த ராத்திரிகள் நினைவுக்கு வந்தன. மோர் தீரும்வரை அவள் நகரமாட்டாள். பிறகு அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிரியம் என்று நினைத்திருந்தார். யோசித்துப் பார்த்தால், இப்போதும் அதற்கு வேறு பேர் தோன்றவில்லை.

"ரொம்ப நல்ல காரியம். இப்படியே தொடருங்க," என்றார் டாக்டர்.

"சரி டாக்டரே," என்றார் பிள்ளை, பணிவாக.

"உங்ககிட்ட சொல்லல்ல. அம்மாகிட்ட சொன்னேன்."