முகத்தை மட்டும் மூடினால் போதும்

மறைப்புத் திரையைத் தள்ளிக்கொண்டு பிரசவ அறைக்குள் வந்த ஆண்கள் இரண்டு பேரா, மூன்று பேரா என்று இப்போது சரியாக நினைவில்லை. கட்டிலில் கிடந்தவளைக் கேட்டால் முப்பது பேர் என்பாள்.

திரை கேட்டதே அவள்தான். ஆஸ்பத்திரி கவுன் பின்பக்கம் திறந்துகொள்கிறது என்று இன்னொன்று வாங்கித் திருப்பிப் போட்டுக்கொண்டாள். டாக்டரம்மா வந்து இரண்டையும் அவிழ்க்கச் சொன்னார். "ஒரு திரையாவது வைங்களேன்" என்று கெஞ்சினாள். வந்தது.

தள்ளிவந்தவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்து முகம் மலர்ந்தார். "அட, தபால் ஆபீஸ் மேடம்! என் பார்சல் வந்துடுச்சா மேடம்?"

அவளுக்கு உயிரே போய்விட்டது. இனி அந்தக் கவுண்டரில் எப்படி உட்காருவது? அதைவிடப் பெரிய பயம், மாமியார். கணவன் கப்பலில், துணைக்கு அவர்தான். தூங்கும்போதுகூடக் கழுத்துப் பொத்தானைக் கழற்றாத மனுஷி. இவள் கணுக்கால் தெரிந்தாலே, "இழுத்து விட்டுக்கோம்மா" என்பார். காலையிலிருந்து வெளியே பெஞ்சில் காத்திருந்துவிட்டு இப்போதுதான் நடைவழிக் கோடியில் இருந்த குளியலறைக்குக் குளிக்கப் போயிருந்தார்.

"சிஸ்டர், எங்க அத்தையை மட்டும் உள்ள விட்டுடாதீங்க. இந்தக் கோலத்துல பாத்துட்டா, அப்புறம் எப்படி அவங்க முகத்துல முழிக்கிறது?"

"முழிக்கிறதெல்லாம் அப்புறம். முதல்ல முக்கு!" என்றார் நர்ஸ்.

வலி சற்று ஓய்ந்து, நர்ஸும் அப்பால் போனபோது அவளுக்குப் புத்தி வேலை செய்தது. முகம் தெரிந்தால்தானே ஆள் யாரென்று தெரியும்? தலைமாட்டில் கிடந்த வெள்ளைத் துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தாள். அப்பாடா.

வாளியோடு உள்ளே வந்த ஆயா பார்த்தது அந்தக் காட்சியைத்தான்.

"ஐயோ, மகராசி போயிட்டாளே!"

வாளி உருண்டது. அலறல் நடைவழியெங்கும் ஓடியது. கதவு படாரென்று திறந்தது. எத்தனையோ கால்கள் ஓடிவந்தன.

"உயிரோடதான் இருக்கேன்! எல்லாரும் வெளிய போங்க!" என்று துணிக்குள்ளிருந்தே கத்தினாள். அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. துணியை மட்டும் அவள் விலக்கவில்லை. ஈரமான கை ஒன்று அவள் கையைப் பிடித்தது. வழுக்கியது, மறுபடி இறுக்கிப் பிடித்தது. நர்ஸின் கை என்று நினைத்து, எலும்பு நொறுங்கும்படி பற்றிக்கொண்டாள்.

பெண் குழந்தை.

மறுநாள் தரை துடைக்க வந்த ஆயாவிடம், சுவரைப் பார்த்தபடி மெல்லக் கேட்டாள்.

"ஆயா, நேத்து எத்தனை பேர் என்னைப் பாத்தாங்க?"

"உன்னையா? உன்னை யாரு கண்ணு பாத்தா? நான் கத்தினதும் உங்க மாமியார், தலை நிறைய சோப்பு நுரையோட, ஒத்தைத் துண்டைச் சுத்திக்கிட்டு அத்தனை பேர் நடுவுல ஓடி வந்தாங்க. புள்ள பொறக்குற வரைக்கும் உன் கையை விடலை. நாங்க எல்லாரும் அவங்களைத்தான் பாத்துக்கிட்டு நின்னோம்."

தாயும் சேயும் நான்காம் நாள் வீட்டுக்குப் போனார்கள். ஆறு மாதத்தில் அவள் வேலைக்குத் திரும்பினாள். குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்கிறார். கப்பலிலிருந்து வந்த கணவனிடம் இதையெல்லாம் இருவரும் சொல்லவில்லை.