உங்கள் முன்னோடி விவசாயி என் மச்சான்

மதிப்பிற்குரிய கிராம நிகழ்ச்சித் தயாரிப்பாளர் அவர்களுக்கு,

இத்தனை நாள் வாய் மூடி இருந்தது போதும். தாங்களும் குழுவினரும் நலம் என்றே நம்புகிறேன். நாங்கள் நலமில்லை, காரணம் தாங்கள்.

இருபத்திரண்டு வருடங்களாக ஞாயிறுதோறும் காலை ஆறரைக்கு நோட்டும் பேனாவுமாக உங்கள் நிகழ்ச்சியின் முன் உட்காருகிறேன். எனக்கு நிலம் கிடையாது. மூன்றாம் மாடி பால்கனியில், தொட்டியில், ஆறு வருடமாக ஒரு பூவும் வைக்காத எலுமிச்சை ஒன்று உண்டு. உங்களுக்குப் பதினான்கு கடிதங்கள் எழுதினேன்; ஒன்றையும் வாசிக்கவில்லை. தக்காளி இலைச்சுருட்டு பற்றி நான் கேட்ட கேள்வியை வேறு யாரோ கேட்டதாகப் படித்தீர்கள். அதையும் பொறுத்தேன்.

ஆனால் ஐந்து வாரம் முன்பு ‘முன்னோடி விவசாயி’ என்று எழுத்துப் போட்டு, தலையில் துண்டோடு வரப்பில் ஒருவரை நிறுத்தினீர்களே, பார்த்ததும் என் கையிலிருந்த டம்ளர் நழுவிவிட்டது. அவர் என் மனைவியின் அண்ணன். உங்கள் படப்பிடிப்பு வேனின் டிரைவர். ஒருமுறை எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர். நானே கண்ணால் பார்த்தேன். ஃபோன் போட்டுக் கேட்டால், “வரவேண்டிய விவசாயி வரல மாப்ளே, மழை வேற வர்ற மாதிரி இருந்துச்சு, துண்டைக் கட்டி நிக்க வச்சுட்டாங்க” என்று பஸ் மாறி ஏறியவர் போலச் சொல்கிறார். சரி, நின்றீர்கள், பேசியது யார் என்றேன். இருபது வருடமாக வேனில் விவசாய அதிகாரிகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறாராம்.

எலுமிச்சை பூக்கவேண்டுமானால் பத்து நாள் தண்ணீர் காட்டாதீர்கள் என்று அவர் திரையில் சொன்னார். என் மனைவி அன்றே குழாயை மூடிவிட்டாள். தோட்டத்து மரம் வேறு, தொட்டிச் செடி வேறு என்று நோட்டைப் பிரித்துக் காட்டினேன். “அண்ணன் டிவியிலயே சொல்லிட்டாரு” என்றாள். அவர் டிரைவர் என்றேன். “நீங்க மட்டும் என்ன, சோபாவுலதானே உழுதீங்க?” என்றாள். இருபத்திரண்டு வருஷ நோட்டும் அந்த ஒரு வரியில போச்சு சார். இலை சுருண்டுச்சு, கொட்டுச்சு, பதினோராம் நாள் நான்தான் ஓடிப்போய்த் தண்ணி ஊத்தினேன், அன்னைக்கிலிருந்து குச்சிதான் நிக்குது. இப்ப அக்கம்பக்கத்துல செடி பத்தி யார் கேட்டாலும் ஃபோன் அவருக்குத்தான் போகுது.

வரும் ஞாயிறு அவர் டிரைவர்தான் என்று திரையில் அறிவிக்கவேண்டும். தவறினால் மேலிடத்துக்கு எழுதுவேன். உங்கள் வயல்கள் விளையட்டும். உங்கள் வேன் வழியிலேயே நிற்கட்டும்.

இப்படிக்கு,

பி.கு.: கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது மனைவி பால்கனியிலிருந்து கூப்பிட்டாள். குச்சி நெடுக மொட்டு. பத்தொன்பது வரை எண்ணினேன், பிறகு கண் மங்கிவிட்டது. நான் ஊற்றிய தண்ணீர் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணனுக்கு ஃபோன் போய்விட்டது. ஞாயிறு சாப்பாட்டுக்கு வருகிறார். செடியோடு நின்று படம் எடுத்துக்கொள்வாராம், துண்டையும் கொண்டுவருகிறாராம். எடுக்கப்போவது நான். எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. ஆகவே கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.